வெளிர்நீலச் சட்டையின் 23 கோப்பைகள்

அமெரிக்காவின் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் பெண்கள் கால்பந்து அணி 1979-இல் தொடங்கப்பட்டது. சேப்பல் ஹில் என்ற சிறிய ஊரில் இருக்கும் இந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகள் எல்லாவற்றுக்கும் ‘டார் ஹீல்ஸ்’ என்று பெயர், சட்டை வெளிர்நீலம். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் படித்த இடம் என்றுதான் வெளியுலகம் அதை அறியும். ஆனால் கோப்பைகளை எண்ணினால் அங்கே முதலிடம் பெண்கள் கால்பந்துக்கே. 2024 வரை 23 தேசியப் பட்டங்கள்.

அணி பிறந்ததற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1972-இல் அமெரிக்கா ‘டைட்டில் நைன்’ சட்டப்பிரிவைக் கொண்டுவந்தது. மத்திய அரசின் நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அதன் விளைவு மிகத் தெளிவாகத் தெரிந்தது மைதானங்களில்தான். பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் அணி அமைக்க வேண்டியதாயிற்று. பயிற்சியாளரும் உதவித்தொகையும் தர வேண்டியதாயிற்று. அமெரிக்கக் கால்பந்து என்ற வேறொரு ஆட்டத்துக்கென ஆண்களுக்கு அள்ளிக் கொடுத்த உதவித்தொகைகளை ஈடுகட்ட, ஆள்பலம் அதிகம் தேவைப்படும் ஒரு பெண்கள் விளையாட்டு வேண்டும். கால்பந்து அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

சேப்பல் ஹில்லில் மாணவிகள் தாங்களாகவே ஒரு குழு அமைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியாக்க வேண்டும் என்று விளையாட்டுத்துறை இயக்குநர் பில் கோபியிடம் கேட்டார்கள். அவர் பொறுப்பை ஒப்படைத்தது, அப்போது ஆண்கள் அணிக்குப் பயிற்சியளித்துக்கொண்டிருந்த ஆன்சன் டோரன்ஸிடம். டோரன்ஸ் பிறந்தது பம்பாயில், 1951-இல். தந்தை எண்ணெய் நிறுவன அதிகாரி என்பதால் இளமைக்காலம் பல நாடுகளில் கழிந்தது. கால்பந்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத நாட்டுக்கு, அந்த ஆட்டம் ஊறிய ஊர்களில் வளர்ந்த ஒருவர் வந்து சேர்ந்தார். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பயிற்சியாளராகவே நிலைத்துவிட்டார். 1988 வரை இரண்டு அணிகளையும் கவனித்தார். பெண்கள் அணியை 2024 வரை.

தொடக்கத்தில் தேசியப் போட்டி என்று ஒன்றே இல்லை. அதற்காக வற்புறுத்தியவர்களில் டோரன்ஸும் ஒருவர். பெண்கள் கல்லூரி விளையாட்டுகளை அன்று நடத்திவந்த ஏ.ஐ.ஏ.டபிள்யூ. அமைப்பு 1981-இல் முதல் போட்டியை சேப்பல் ஹில்லிலேயே நடத்தியது. இறுதி ஆட்டத்தில் சென்ட்ரல் ஃபுளோரிடாவை 1–0 என்று வென்றது நார்த் கரோலினா. அடுத்த ஆண்டு பொறுப்பு கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் கைக்கு மாறியது. 12 அணிகள் மட்டும் ஆடிய அந்த 1982 போட்டியிலும் இறுதியில் அதே எதிரணி, மீண்டும் வெற்றி. 1983, 1984 பட்டங்களும் அவர்களுக்கே. 1985 இறுதியில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் 2–0 என்று வீழ்த்தியது. அந்தத் தோல்விக்குப் பிறகு 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் கோப்பை வேறு எங்கும் போகவில்லை. 1992 இறுதியில் டியூக் வாங்கியது ஒன்பது கோல், போட்டது ஒன்று.

இந்த ஆதிக்கத்துக்கு எளிய காரணம், முந்திக்கொண்டது. மற்ற பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொள்ளும் முன்பே நாட்டின் சிறந்த பள்ளி வீராங்கனைகள் சேப்பல் ஹில்லுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அது மட்டும் என்றால் நான்கைந்து ஆண்டுகளில் அடங்கியிருக்கும். மற்றொரு காரணம் பயிற்சி முறை. அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித், பயிற்சியின்போது ஒவ்வொரு செயலையும் குறித்து வைப்பதை டோரன்ஸ் கவனித்திருந்தார். அதைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டம், தலையால் முட்டுவது, ஓட்டம் என எல்லாவற்றுக்கும் வெற்றி தோல்விக் கணக்கு உண்டு. அதன்படி வரிசைப் பட்டியல் தயாராகும். எல்லோர் பார்வைக்கும் ஒட்டப்படும். தோழியைத் தோற்கடிக்கத் தயங்கும் பெண்களைத் தயங்காதவர்களாக மாற்றுவதே நோக்கம் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். ஆட்டமுறையும் அதற்கேற்ற துணிச்சலானது: பின்களத்தில் மூவர், முன்களத்தில் மூவர், எதிரணியின் எல்லைக்குள்ளேயே பந்தைத் துரத்திப் பறிப்பது. ஆளை மாற்ற அதிகம் இடம் தரும் கல்லூரி விதிகள் இதற்குக் கைகொடுத்தன. களைத்தவரை வெளியே எடுத்து, புதியவரை இறக்கிக்கொண்டே இருக்கலாம்.

மியா ஹாம் இந்த முறையில் உருவானவர். 14 வயதில் டெக்சாஸில் அவர் ஆடியதைப் பார்த்தே டோரன்ஸ் அசந்துபோனார். தேசிய அணியின் பயிற்சியாளரும் அவரே என்பதால், 1987-இல் 15 வயதுச் சிறுமியைச் சீனாவுக்கு அழைத்துச் சென்று நாட்டுக்காக இறக்கினார். அதே ஆட்டத்தில் அறிமுகமான இன்னொருவர் 16 வயது கிறிஸ்டின் லில்லி. இருவரும் பின்னர் சேப்பல் ஹில்லில் சேர்ந்து ஆளுக்கு நான்கு தேசியப் பட்டங்கள் வென்றார்கள். ஹாம் பல்கலைக்கழகத்துக்காக அடித்த கோல்கள் 103, நாட்டுக்காக 158. லில்லி நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் 350-க்கும் மேல். ஆண், பெண் இருபாலரிலும் அதை யாரும் தொட்டதில்லை.

1991-இல் சீனாவில் முதல் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. டோரன்ஸ் அழைத்துச் சென்ற 18 பேரில் ஒன்பது பேர் நார்த் கரோலினாவில் ஆடியவர்கள். தலைவி ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் உட்பட. குவாங்சோ இறுதியில் நார்வேயை 2–1 என்று வென்றார்கள். இரண்டு கோலையும் அடித்த மிஷெல் ஏக்கர்ஸோ சென்ட்ரல் ஃபுளோரிடாவில் ஆடியவர். ஒரு பல்கலைக்கழகம் ஒரு நாட்டின் அணியில் பாதியை நிரப்பியது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத செய்தி. 1999 உலகக் கோப்பை இறுதியை ரோஸ் பவுல் மைதானத்தில் 90,000-க்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கூடுதல் நேரத்தில் சீனா முட்டிய பந்தைக் கோல் கோட்டில் நின்று தலையால் வெளியேற்றியவர் லில்லி. அன்றைய தலைவி கார்லா ஓவர்பெக்கும் சேப்பல் ஹில் மாணவியே. ஹைன்ரிக்ஸ் பின்னாளில் பயிற்சியாளராகி 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றுத் தந்தார். சிண்டி பார்லோ கோன் 2020-இல் அமெரிக்காவின் கால்பந்துச் சங்கத்துக்குத் தலைவரானார். கடல் கடந்தும் வந்தார்கள்: இங்கிலாந்தின் லூசி பிரான்ஸ், அலெசியா ரூசோ இருவரும் இங்கே ஆடியவர்கள்.

கோப்பைகளின் நடுவே ஒரு கறையும் உண்டு. 1998-இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர், வீராங்கனைகளின் அந்தரங்க வாழ்க்கை பற்றிப் பயிற்சியாளர் தகாத பேச்சில் ஈடுபட்டார் என்று வழக்குத் தொடர்ந்தார்கள். டோரன்ஸ் பாலியல் துன்புறுத்தல் எதுவும் இல்லை என்று மறுத்தார். பத்து ஆண்டுகள் இழுத்த வழக்கு 2008-இல் சமரசத்தில் முடிந்தது. பல்கலைக்கழகம் பணம் கொடுத்தது, பயிற்சியாளர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். வீராங்கனைகளோடு நெருங்கிப் பழகுவதே தன் பலம் என்று கருதியவரின் முறைக்கு எல்லை எது என்ற கேள்வியை அந்த வழக்கு எழுப்பியது. அணியின் வரலாற்றை எழுதுகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

தனியாட்சி மெல்ல முடிவுக்கு வந்தது. தொடர்ந்து 92 வெற்றிகள் கண்ட அணியை 1994-இல் நோட்ர டேம் கோலின்றிச் சமன் செய்து நிறுத்தியது. அடுத்த ஆண்டு அரையிறுதியில் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்தது. பிறகும் பட்டங்கள் வந்தன: 1996, 1997, 1999, 2000. 2003-இல் 27 ஆட்டம் ஆடி 27-லும் வெற்றி. 2006, 2008, 2009, 2012. ஆனால் இடைவெளிகள் நீண்டன. ஸ்டான்ஃபோர்டு, ஃபுளோரிடா ஸ்டேட், யு.சி.எல்.ஏ. ஆகியவை சமபலத்துக்கு வந்தன; தேசியப் போட்டியில் ஆடும் அணிகள் 64 ஆயின. 2018, 2019, 2022 இறுதிகளில் நார்த் கரோலினா தோற்றது. இதைச் சரிவு என்பதைவிட, அந்த அணி ஊன்றிய ஆட்டம் நாடெங்கும் வேர்விட்டதன் விளைவு என்பதே பொருத்தம்.

2019-இல் புதிய மைதானத்துக்கு டோரன்ஸின் பெயர் சூட்டப்பட்டது. 2024 ஆகஸ்டில், பருவம் தொடங்கும் தறுவாயில் அவர் ஓய்வை அறிவித்தார். படிப்பு முடியும் முன்பே வீராங்கனைகள் தொழில்முறை அணிகளுக்குப் போய்விடும் காலம். அணியில் பலர் புதியவர்கள். இடைக்காலப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற டேமன் நஹாஸிடம் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அந்த டிசம்பரில் பக்கத்து ஊரான கேரியில் நடந்த இறுதியில் வேக் ஃபாரஸ்டை 1–0 என்று வென்றது அணி. கோல் அடித்தவர் ஒலிவியா தாமஸ். நஹாஸ் நிரந்தரப் பயிற்சியாளரானார். 23 பட்டங்களில் 22 என்.சி.ஏ.ஏ. பட்டங்கள், அதில் பாதியைக்கூட வேறு எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை எட்டவில்லை.