பட்டாளத்து ட்ரங்குப் பெட்டி

பழைய வீட்டை இடிக்கப் போகிறோம், வந்து பாருங்கள் என்று போன் வந்தால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். அந்த வீட்டிலிருந்து யாராவது பட்டாளத்துக்குப் போனார்களா? வீடு கடலுக்கு எவ்வளவு பக்கம்? தூத்துக்குடியில் கடலை ஒட்டிய தெருக்களில் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. வருஷக்கணக்கில் நின்ற வண்டியின் சேஸை ஸ்குரூ டிரைவரால் குத்தினால் அப்பளமாக நொறுங்கும். திருநெல்வேலி ரோட்டில் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் வந்துவிட்டால் துரு கொஞ்சம் நிதானமாக வேலை செய்யும். அதனால்தான் பட்டாளத்துப் பழைய பொருட்களையும் வண்டிகளையும் நான் தேடுவது பெரும்பாலும் உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களில்.

பட்டாசாலையில் ஒன்றும் கிடைக்காது. தினமும் கூட்டிப் பெருக்கும் இடம் அது. மச்சு, குதிருக்குப் பின்புறம், தொழுவம், வண்டிக்கொட்டகை என்று ஆள் புழங்காத இடமாகப் பார்த்துப் போக வேண்டும். கையை விடுமுன் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். தேள் இருக்கும், பாம்பும் இருக்கும். கறுப்புப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி, அதன்மேல் வெள்ளை எழுத்தில் நம்பரும் பெயரும் தெரிந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு வீட்டில் பருத்தி மூட்டைகளுக்கு அடியில் அப்படி ஒரு பெட்டி. “அதுல என்னய்யா இருக்கப்போவுது, எலிப் புழுக்கையும் கந்தத் துணியுந்தான்” என்றார் அந்த வீட்டு ஆச்சி. “தொறந்துதான் பாப்போமே ஆச்சி” என்றேன். கிழிந்த கம்பளிக்குள் அலுமினியச் சாப்பாட்டு டப்பா. மலேயாவைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் ஜப்பான்காரர்கள் அச்சடித்த, வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டு. மடிப்பில் கிழிந்த டிஸ்சார்ஜ் காகிதம். அதற்கும் அடியில், ஒரு சுருக்குப்பையில், கறுத்துப்போன வட்டமான ஒன்று.

முதல் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசு கொடுத்த போர்ப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். எல்லோரும் ராஜா தலையைத்தான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது விளிம்பை. அங்கேதான் பொடிப்பொடியான ஆங்கில எழுத்தில் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் குத்தியிருக்கும். லென்ஸ் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். “எங்க தாத்தா பேருல்லா அது!” என்றார் ஆச்சி. அதற்குமேல் நான் விலை பேசவில்லை.

அந்தப் பதக்கம் வெள்ளி. சுமைதூக்கும் பிரிவுகளிலும் தொழிலாளர் பிரிவுகளிலும் போனவர்களுக்கு அதே அச்சில் வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளி என்பதாலேயே பல பதக்கங்கள் அடகுக்கடை வழியாகப் போய் உருகிவிட்டன. வெண்கலம் எடைக்கு எடை காயலான் கடைக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களை பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தவற்றில் பெயர் உண்டு.

பெயருக்கு நான் இவ்வளவு அடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படைப் பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் இறங்கிச் சண்டையிட்டது. ஜெர்மானியரின் எந்திரத் துப்பாக்கிகள் ஒருபுறம், கலைந்து வந்து கொட்டிய தேனீக்கள் மறுபுறம். அந்தச் சண்டை தோல்வியில் முடிந்தது. முதல் உலகப் போருக்காக 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் தாண்டினார்கள். போர் முடிந்ததும் பல கிராமங்களில் அரசு கல் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் அதில் இருக்கும். கல்லில் இல்லாத பெயர் ட்ரங்குப் பெட்டியில் கிடக்கிறது. திரும்பி வராதவராக இருந்தால், அந்தப் பெயரையும் நம்பரையும் வைத்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடலாம். இணையத்தில் செலவில்லாமல் பார்க்கலாம்.

வண்டிக்கு வருவோம். பட்டாளத்து ஜீப் என்று கூப்பிட்டுக் காட்டுவது பெரும்பாலும் பிற்கால மகிந்திராவாக இருக்கும். போர்க்கால வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளுக்கு முன் கிரில்லில் ஒன்பது திறப்பு. பின்னால் வந்த சிவிலியன் ஜீப்புக்கு ஏழு. போர்க்கால வண்டியில் ஸ்டீரிங் இடப்பக்கம். ஹெட்லைட்டின் திருகாணியைத் தளர்த்தி மடக்கினால் வெளிச்சம் எஞ்சின்மேல் விழும். ராத்திரியில் ரிப்பேர் பார்க்கச் செய்த ஏற்பாடு. ஃபோர்டு செய்த வண்டியானால் போல்ட்டுத் தலையில்கூட ‘எஃப்’ எழுத்து இருக்கும். அதைத் தடவிப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் வராது. 

ஆனால் இரும்பு மட்டும் போதாது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. இதற்கெல்லாம் ஆர்.சி. புத்தகம் வேண்டுமே! அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டு வண்டியை மட்டும் காட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தேடும்போது துப்பாக்கியோ குண்டு மாதிரி ஏதாவதோ கண்ணில் பட்டால் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நூறாண்டு தாண்டிய பொருட்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டுக்காரர் எவ்வளவு பணம் தந்தாலும் அனுப்பக்கூடாது.

உங்கள் வீட்டிலும் இடிக்கத் தேதி குறித்திருக்கலாம். மச்சில் இருக்கும் பெட்டியை ஒருதரம் இறக்கிப் பாருங்கள். பதக்கம் கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். பெட்டியையும் காகிதத்தையும் பதக்கத்தையும் பிரிக்காதீர்கள். விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். எதுவானாலும் விளிம்பில் இருக்கும் பெயரையும் நம்பரையும் முதலில் ஒரு நோட்டில் எழுதிவைத்து, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.