வேணுமா, வேணாமா?

கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு வயது 79. கண் மங்கிவிட்டது. போனில் எழுத்தைத் தேடித் தேடித் தட்ட முடியாது. அதனால் மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசுவார். போன் அதைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்பும். 'ஏன், நேரா பேசிட்டாப் போச்சே' என்பீர்கள். ஆபீஸ் நேரத்தில் நான் போனை எடுக்க மாட்டேன் என்பது அவருடைய நெடுநாள் குற்றச்சாட்டு. (உண்மைதான்.)

போன வருஷம் ஒரு நாள் இப்படி ஒரு செய்தி: 'பழைய பிரஷர் மாத்திரை வேணும்னு டாக்டர் சொல்லிட்டார்.'

நானும் பொறுப்பான பிள்ளையாக இரண்டு மாதத்துக்கு வாங்கி கூரியரில் அனுப்பிவிட்டேன். 'பையன் விசாரிக்காமலா அனுப்புவான்?' என்று சித்தி, புது மாத்திரையோடு பழையதையும் சேர்த்தே கொடுத்திருக்கிறாள். கொடுப்பதை விழுங்குவதுதான் சித்தப்பாவின் வேலை. மூன்றாம் நாள் கொல்லைப்புறம் போனவர், தலை சுற்றி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, விழவில்லை.

டாக்டரே எனக்கு போன் பண்ணினார். (எடுத்தேன்.) "பழசு வேணாம்னுதானே சார் சொன்னேன்?" என்றார். சித்தப்பாவும் அதையேதான் சொல்லியிருக்கிறார். வேணாம் என்றதை வேணும் என்று எழுதியது போன்!

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த மிஷின்களுக்கு மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். எத்தனை சொல் தப்பு, எத்தனை விட்டுப்போச்சு, எத்தனை கூடுதலாகச் சேர்ந்தது என்று கூட்டி, பேசிய மொத்தச் சொற்களால் வகுப்பார்கள். அதற்குப் பெயர் சொற்பிழை விகிதம். சித்தப்பா பேசியது ஆறு சொல். தப்பு ஒன்று. ஆக 83 மார்க், ஃபர்ஸ்ட் கிளாஸ்!

இன்னொரு வேடிக்கை. 'வேணாம்னு' என்பதை 'வேண்டாம் என்று' எனப் போன் சுத்தத் தமிழில் எழுதியிருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால் அது இரண்டு பிழை! ஒரு சொல் மாறிப்போச்சு, ஒரு சொல் கூடிப்போச்சு. அர்த்தத்தைக் காப்பாற்றினால் இரண்டு மார்க் கட். ஆளைப் படியில் உட்காரவைத்தால் ஒரு மார்க் கட். எந்த ஊர் நியாயம் சார் இது?

சரி, ஏன் இப்படித் தப்பு வருகிறது? மிஷின் நாம் பேசுவதை அப்படியே கேட்டு எழுதுகிறது என்று நினைக்கிறோம். பாதிதான் காது, மீதி ஊகம். 1952-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 'ஆட்ரி' என்று ஒரு மிஷின் செய்தார்கள். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண்களைக் கண்டுபிடிக்கும். அதுவும் அதற்குப் பழகிய குரலாக இருந்தால்தான் சரியாக வரும். 1976-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'ஹார்பி' 1,011 சொற்கள் வரை வந்தது. அங்கே இந்த ஆராய்ச்சியை வளர்த்த ராஜ் ரெட்டி, நம்ம கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் 1958-ல் சிவில் முடித்தவர். 1994-ல் டூரிங் விருது வாங்கினார். பாலம் கட்டப் படித்தவர் பேச்சுக்குப் பாலம் போட்டார் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம், விடுங்கள்.

எழுபதுகளில் ஐ.பி.எம்.மில் ஃப்ரெட் ஜெலினெக் குழு வேறு வழி பிடித்தது. மிஷினுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுப்பதைவிட, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். 'நேத்து மதுரைக்குப்' என்ற பிறகு லேசாக 'போ...' என்று காதில் விழுந்தாலே 'போனேன்' என்று எழுதிவிடலாம். இந்த எண்ணிக்கைக் கணக்கு வந்த பிறகுதான் பிழை மளமளவென்று குறைந்தது.

குறைத்த அதே சமாசாரம்தான் என் சித்தப்பாவைக் கவிழ்த்திருக்கும் என்பது என் சந்தேகம். ஊரில் ஜனங்கள் 'மாத்திரை வேணும்' என்று சொல்வது அதிகமா, 'மாத்திரை வேணாம்' என்பது அதிகமா? நடுவில் ஒரே ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். மேலே ஃபேன் ஓடுகிறது. பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பேசுகிறார். காதில் சரியாக விழாதபோது மிஷின் பெரும்பான்மைக்கு ஓட்டுப் போட்டுவிடும்.

யாருடைய பேச்சைக் கேட்டு மிஷின் வளர்ந்தது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஐந்து பெரிய கம்பெனிகளின் மிஷின்களை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். வெள்ளையர் பேசினால் நூறு சொல்லுக்குச் சராசரி 19 பிழை; கறுப்பினத்தவர் பேசினால் 35. பேசியது அதே ஆங்கிலம்தான். கறுப்பினத்தவரின் குரல்களைப் போதிய அளவு ஊட்டவில்லை என்பதே ஆராய்ச்சியாளர்கள் காட்டிய முக்கியக் காரணம். அங்கேயே அப்படி என்றால், தஞ்சாவூர்ப் பேச்சும் திருநெல்வேலிப் பேச்சும் எவ்வளவு கேட்டிருக்கும்? செய்தி வாசிப்பவர் மாதிரி வீட்டில் யார் பேசுகிறார்கள்? இதற்காகத்தான் ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஒரு குழு, 22 இந்திய மொழிகளில் சாதாரண ஜனங்களின் பேச்சைப் பதிவு செய்து 2024-ல் பொதுவில் வைத்தது. இப்படிச் சேகரிப்பது மெதுவான வேலை. ஆனால் இதுதான் வேலை.

எங்கள் வீட்டில் அதுவரை காத்திருக்க முடியவில்லை. எழுதியதைப் போனே திரும்பப் படித்துக் காட்டும்படி செட் பண்ணிக் கொடுத்தேன். சித்தி பக்கத்தில் நின்று கேட்டுத் தலையாட்டினால்தான் செய்தி கிளம்பும். வேணும், வேணாம் இரண்டையும் சித்தப்பா அடியோடு விட்டுவிட்டார். பதிலுக்கு ஒரே வார்த்தை: கேன்சல். அதைப் போன் இதுவரை ஒரு தடவைகூடத் தப்பாக எழுதவில்லை.

போன வாரம் வந்த செய்தி: 'ஞாயிற்றுக்கிழமை வா. மூட்டுவலி எண்ணெய் கேன்சல். காபிப்பொடி கேன்சல் இல்லை.'