எவ்வளவு முறுக்கலாம்?

தேசத்தின் தலைவிதியையும் சட்டசபைகளின் போக்கையும் ஆராய்வதற்கென்று ஏற்பட்ட இந்தப் பத்தியில், மோட்டார் சைக்கிளின் கைப்பிடியை எவ்வளவு முறுக்குவது என்ற விஷயத்தைப் பற்றி இன்று எழுத முன்வருகிறோம். இது அற்பமான விஷயம் என்று நேயர்களில் சிலர் கருதக்கூடும். நாம் அப்படிக் கருதவில்லை. காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் சென்னையின் அண்ணா சாலையிலோ, கத்திப்பாராவிலோ, பழைய மகாபலிபுரம் சாலையிலோ நின்று பார்ப்பவர்களுக்கு இதன் கனம் விளங்கும். குமாஸ்தாவும் உபாத்தியாயரும், தொழிலாளியும் வியாபாரியும், நீதிமன்றத்துக்கு விரையும் இளம் வக்கீலும் இரண்டு சக்கரங்களின் மேல்தான் தம் ஜீவனத்தைத் தேடிச் செல்கிறார்கள். அவர்களில் பலருக்கு அவ்வண்டியே மிகுந்த விலை கொடுத்து வாங்கிய சொத்து. அதன் தவணை இன்னும் தீர்ந்திராது. அந்தச் சொத்து நெடுநாள் உழைப்பதும், சீக்கிரம் உளுத்துப்போவதும் வலக்கை மணிக்கட்டின் பழக்கத்தைப் பொறுத்தவை. பெட்ரோல் செலவும், தெருவாரின் தூக்கமும், சில சமயம் ஓட்டுகிறவரின் உயிருங்கூட அதே மணிக்கட்டில் அடங்கியிருக்கின்றன.

இந்த விஷயத்தில் நம் ஜனங்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். 1907-ம் வருஷம் சூரத் காங்கிரஸில் பிரிந்தவர்களைப் போல, இவர்களையும் மிதவாதிகள், அமிதவாதிகள் என்று அழைக்கலாம். மிதவாதி, யந்திரம் உறுமினால் தேய்ந்துவிடும், பெட்ரோல் கரைந்துவிடும் என்று அஞ்சுகிறவர். புறப்பட்ட பத்தடிக்குள் மூன்றாவது கியருக்கும், இருபதடிக்குள் நான்காவது கியருக்கும் போய்விடுவார். அதன் பிறகு மேம்பாலம் குறுக்கிட்டாலும், பின்னால் இருவர் ஏறியிருந்தாலும் கியரைக் குறைக்கமாட்டார். அமிதவாதியோ, சிவப்பு விளக்கில் நிற்கும்போதே கைப்பிடியை முறுக்கி யந்திரத்தை அலறவைப்பவர். பச்சை விளக்கு எரிந்ததும் அம்பைப்போல் பாய்ந்து, அடுத்த சிவப்பு விளக்கில் பிரேக் கிரீச்சிட நிற்பார். முன்னவரைச் சிக்கனக்காரர் என்றும் பின்னவரை முரடர் என்றும் உலகம் சொல்லுகிறது. பின்னவரைப் பற்றிய தீர்ப்பு சரியே. முன்னவருக்கு அளித்த நற்சாட்சியைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

யந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சிறிது கவனித்தால் இதன் காரணம் புலப்படும். நம் சாலைகளில் ஓடும் பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களில் இருப்பது பெரும்பாலும் நான்கு ஸ்ட்ரோக் யந்திரம். அதன் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் ஆவி வெடித்துப் பிஸ்டனைத் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 6,000 சுற்று என்றால் வெடிப்பு 3,000. அதாவது விநாடிக்கு 50. நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 17 வெடிப்புத்தான். 50 வெடிப்புகள் செய்யும் வேலையை 17 வெடிப்புகளே செய்யவேண்டுமானால், ஒவ்வொன்றும் மூன்று மடங்கு பலமாக அடிக்கவேண்டும். கிணற்றில் நீர் இறைப்பவரைப் பாருங்கள். அளவான சாலைக் கொண்டு அடிக்கடி இறைப்பவர் மாலை வரையில் இறைப்பார். மும்மடங்கு பெரிய சாலை மெல்ல மெல்ல இழுப்பவருக்கு உச்சிப்பொழுதிலேயே இடுப்பு ஒடியும். பாரம் மிகுந்த வேளையில் மேல் கியரில் வண்டியை இழுத்தடிப்பது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அதன் விளைவுகளும் தெளிவானவை. மெதுவாகச் சுழலும் யந்திரத்தில் கைப்பிடியைப் பெரிதும் திறக்கும்போது, வெடிப்பின் அழுத்தம் பிஸ்டன்மீதும் பேரிங்குகள்மீதும் அதிக நேரம் நின்று அமுக்குகிறது. ஆவி ஒழுங்காக எரியாமல் தானே தெறித்து வெடித்து, டக் டக் என்று உலோகம் தட்டும் ஓசை எழக்கூடும். என்ஜின் ஆயிலை மேலே செலுத்தும் பம்பு யந்திரத்தின் சுழற்சியாலேயே இயங்குவது. சுற்று குறைந்தால் அதன் ஓட்டமும் குறையும். ஆகவே அடி பலமாக விழும் நேரத்தில் எண்ணெய் குறைவாகக் கிடைக்கிறது. காற்றினால் குளிரும் யந்திரத்துக்கு, ஊர்ந்து செல்லும் வண்டியில் காற்றும் போதாது. செயினும் ஸ்பிராக்கெட்டும் வெட்டி வெட்டி இழுக்கப்படுகின்றன. சத்தம் குறைவாக இருப்பதனாலேயே ஒரு காரியம் மிதமாகிவிடாது. மௌனமாகச் செய்யும் கொடுமையும் உலகில் உண்டு.

இதைக் கேட்டு அமிதவாதி மகிழ்ச்சியடைய வேண்டாம். அவருக்கும் கணக்கு இருக்கிறது. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்பவேண்டும். அவ்வாறு திருப்பும்போது கனெக்டிங் ராடும் பேரிங்குகளும் தாங்கும் விசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. சுற்று இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். உராய்விலே விரயமாகும் சக்தியும் சுற்றோடு கூடவே ஏறும். சிவப்பு விளக்கில் நின்றபடி முறுக்குவதைப்போல் பயனற்ற காரியம் வேறில்லை. அதனால் வண்டி ஓரங்குலமும் நகராது, காற்று வீசாமையால் யந்திரம் கொதிக்கும், பெட்ரோல் புகையாகும். காலையில் முதல்முதல் கிளப்பியவுடனே முறுக்குவது அதைவிடக் கெடுதல். இரவெல்லாம் அடியில் வடிந்து கிடந்த எண்ணெய், மேலே உள்ள கேம் முதலிய பாகங்களை எட்டச் சில விநாடிகள் வேண்டும். அதற்கு முன் அவற்றை விரட்டுவது, பல் விளக்காதவனைப் பந்தயத்தில் ஓடச் சொல்வதை ஒக்கும்.

ஆனால் எத்தனை சுற்று அதிகம், எத்தனை சுற்று குறைவு? இதற்கு எல்லா வண்டிகளுக்கும் பொதுவான எண் கிடையாது. இரண்டு உதாரணங்களைக் காட்டுவோம். நம் நாட்டில் மிகுதியாக ஓடும் ஸ்பிளெண்டர் 97.2 சி.சி. யந்திரம் உடையது. அதன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தூரம் 49.5 மில்லிமீட்டர். இழுவிசை 6,000 சுற்றிலும், குதிரைச் சக்தி 8,000 சுற்றிலும் உச்சத்தை அடைகின்றன. 349 சி.சி. கொண்ட இன்றைய புல்லட்டில் விட்டம் 72, தூரம் 85.8 மில்லிமீட்டர். இழுவிசையின் உச்சம் 4,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. சக்தியின் உச்சம் 6,100-ல். ஸ்பிளெண்டர் 8,000 சுற்றில் அலறும்போது அதன் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. புல்லட்டோ 6,100 சுற்றில், கம்பீரமான குரலில், விநாடிக்கு 17 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கீச்சுக்குரலில் அலறும் சிறிய யந்திரம் வதைபடுகிறது என்றும், கனத்த குரலுடையது சுகமாயிருக்கிறது என்றும் காதினால் மட்டும் தீர்ப்புச் சொல்வது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. புல்லட் ஓட்டிப் பழகியவர் அதே செவியோடு ஸ்பிளெண்டரை ஓட்டினால், அதன் கழுத்தை நெரித்தவராவார்.

ஆகையால் ஒவ்வொருவரும் தம் வண்டியின் கைப்புத்தகத்தை எடுத்து, சக்தியின் உச்சம் எந்தச் சுற்றில் என்று பார்த்துக்கொள்ளவேண்டும். நகரத்தின் அன்றாட ஓட்டத்துக்கு, வண்டி பாரம் இழுக்கும் வேளைகளில் அந்த உச்சத்தின் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரையில் வைத்திருப்பது உத்தமம் என்பது நமது அபிப்பிராயம். ஸ்பிளெண்டருக்கு அது 4,000 முதல் 6,000 வரை. புல்லட்டுக்கு ஏறக்குறைய 3,000 முதல் 4,500 வரை. சமமான சாலையில் இலேசாக ஓடும்போது பாதிக்குச் சிறிது கீழே இருந்தாலும் பாதகமில்லை. சுற்றுக் காட்டும் மீட்டர் இல்லாத வண்டிகளே அதிகம் என்பதை அறிவோம். அவற்றுக்கு உடம்பே மீட்டர். கைப்பிடியைச் சிறிது திருப்பினால் வண்டி உடனே முன்னே செல்லுகிறதா? கியர் சரியானது. திருப்பியும் வேகம் ஏறாமல் கால்மிதியும் இருக்கையும் நடுங்குகின்றனவா? கூச்சப்படாமல் ஒரு கியர் குறைக்கவேண்டும். மேலும் திருப்பினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையா? ஒரு கியர் கூட்டவேண்டும்.

உச்சத்தை எட்டுவதே பாவம் என்றும் நாம் சொல்லவில்லை. புறவழிச் சாலையில் லாரிகளிடையே நுழையவும், பஸ்ஸைக் கடந்து செல்லவும் முழுச் சக்தி வேண்டியிருக்கலாம். அப்போது மேல் கியரில் தவித்துக்கொண்டு எதிர்வரும் வண்டிக்கு முன் நெடுநேரம் வலப்புறத்தில் நிற்பதைவிட, ஒரு கியர் குறைத்து நன்றாக முறுக்கி விரைவில் கடந்துவிடுவதே பத்திரம். யந்திரம் அதற்காகவே செய்யப்பட்டது. சூடேறிய நிலையில் சில விநாடிகள் உச்சத்தில் ஓடுவதனால் அதற்குக் கேடில்லை. புதிய வண்டிக்கு மட்டும், தயாரித்தவர்கள் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு விதித்திருக்கும் வரம்பை மீறலாகாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பெட்ரோலை ஊசிமூலம் செலுத்தும் வண்டிகள் பலவற்றில் சுற்று எல்லை கடக்காமல் காக்கும் ஏற்பாடு இருக்கிறது. கைப்பிடியினால் வரும் மிகையைத்தான் அது தடுக்கும். வேகமாகச் செல்லும்போது தவறிக் கீழ் கியரை மிதித்தால், பின்சக்கரமே யந்திரத்தை எல்லைக்கு அப்பால் சுழற்றிவிடும். அதை அந்த ஏற்பாடு தடுக்காது.

இனிப் பெட்ரோல் விஷயம். ஒரே வேகத்தில் செல்லும்போது மேல் கியரில் பெட்ரோல் குறைவாகச் செலவாகும் என்ற மிதவாதியின் வாதம், யந்திரம் நடுங்காத வரையில் உண்மையே. ஆனால் நகரத்தில் பெட்ரோலைத் தின்பது பெரும்பாலும் வேகத்தை ஏற்றி உடனே பிரேக்கில் கொல்வதுதான். 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஏந்தும் சக்தியைப்போல் 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மடங்கு ஏந்துகிறது. அடுத்த சிவப்பு விளக்கில் அது முழுவதும் பிரேக்கில் சூடாகிப் போய்விடுகிறது. முன்னே விளக்கு சிவப்பென்று தெரிந்தால் கைப்பிடியை விட்டுவிட்டு, கியரிலேயே வண்டியை உருளவிடுவது நலம். மேம்பாலத்தின் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடிப்பதாக எண்ணும் வழக்கமும் கைவிடத்தக்கது. 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதியை ஒட்டி வந்த ஊசிமூல வண்டிகளில், கியரில் இருக்கையிலே கைப்பிடியை மூடினால் பெட்ரோலை நிறுத்திவிடும் ஏற்பாடு பெரும்பாலும் உண்டு. நியூட்ரலிலோ, யந்திரம் நிற்காமலிருக்கப் பெட்ரோல் சென்றுகொண்டேயிருக்கும். யந்திரத்தின் பிடிப்பும் போய், முழுப்பாரமும் பிரேக்கின்மீது விழும்.

தனி மனிதரின் பணப்பையோடு இது முடியவில்லை. 1955-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் என்பீல்டு இந்தியா ஸ்தாபனம் தோன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் நம் தொழிலாளிகள் புல்லட்டைச் செய்யத் தொடங்கினார்கள். 1970-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் உற்பத்தி அற்றுப்போயிற்று; 1977-ல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாகத் தொடங்கியது. கற்றவர் கற்பித்தவருக்கு விற்ற அந்தச் சரித்திரம் நமக்குப் பெருமை தருவது. ஆனால் வண்டி சுதேசியாயிருக்க, அதன் வயிற்றில் எரியும் எண்ணெய் பெரும்பாலும் விதேசியாகவே இருக்கிறது. தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. அந்நியத் துணியைக் கொளுத்திய தேசம், அந்நிய எண்ணெயைச் சிவப்பு விளக்கில் வேடிக்கைக்காகக் கொளுத்துவது பொருந்துமா என்று நமது வாலிபர்கள் யோசிக்கவேண்டும்.

சட்டமும் இவ்விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுமே வரம்பு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நியாயஸ்தலம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையில் வரம்பு இன்னும் குறைவு. ஒலித் தரத்தை மீறும் வண்டியை ஓட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவின்கீழ் 3 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. சைலன்ஸரைக் கழற்றி வேறு குழாய் மாட்டிக்கொண்டு நள்ளிரவில் தெருவை அதிரவைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நன்று. ஆயினும் போலீஸ்காரர் இல்லாத சந்திலும் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நோயாளி விழித்துக்கொண்டிருப்பார். சட்டத்தின் கை எட்டாத அவ்விடங்களில் காவல் செய்யவேண்டியது ஓட்டுகிறவரின் மனச்சாட்சியே.

1909-ல் மகாத்மா காந்தி எழுதிய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ என்ற சிறுநூல் யந்திரங்களுக்கு நேசமானதன்று. மோட்டார் சைக்கிளை அது ஆசீர்வதித்திருக்கும் என்று நாம் வாதாடத் துணியோம். ஆனால் சுயராஜ்யம் என்பது ஒவ்வொருவரும் தம்மைத்தாம் ஆளக் கற்பதில் இருக்கிறது என்ற அந்நூலின் கொள்கை, யந்திரத்தை விடமுடியாத நமக்கே அதிகம் வேண்டியிருக்கிறது. ஏவினால் ஓடவும் விட்டால் நிற்கவும் கூடிய ஒரு சக்தி, தினந்தோறும் நம் ஜனங்களின் வலக்கையில் ஒப்படைக்கப்படுகிறது. அதைப் பயத்தினால் நெரிப்பதும் ஆணவத்தினால் அலறவைப்பதும் ஆளத் தெரியாமையின் இரண்டு முகங்கள். ஏற்றத்தில் கியரைக் குறைத்து, சமநிலத்தில் கூட்டி, ஆபத்தில் முழுச் சக்தியைக் கேட்டு, சிவப்பு விளக்கில் அமைதியாக நிற்பவரே ஆளத் தெரிந்தவர். நாளைக் காலை 9 மணிக்கு அண்ணா சாலையில் அத்தகையவர்களின் தொகை பெருகியிருக்கக் காண விரும்புகிறோம்.