ஹேங் ஆயிடுச்சா? பவர் பட்டனைத் தொடாதீங்க!

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கணும். இன்னைக்குன்னு பார்த்து வேர்டு அப்படியே நின்னுடுச்சு. உடனே கை பவர் பட்டனுக்குப் போகுதா? வேண்டாம் நண்பர்களே! நின்னது ஒரு புரோகிராம்தான். கம்ப்யூட்டரையே அணைத்தால் மற்றதில் சேமிக்காமல் வைத்ததும் சேர்ந்து போயிடும்.

ஒரு விண்டோ 5 விநாடி அசையலைன்னா, விண்டோஸ் அதில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டும். பெரிய ஃபைல் திறக்கும்போதும் இப்படி வரலாம். அதனால் ஓரிரு நிமிடம் பொறுங்க.

அப்பவும் அசையலையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். நின்னுபோன புரோகிராமைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்க.

ரிப்போர்ட் என்ன ஆகும்? வேர்டு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே நகல் எடுத்து வைக்கும். திரும்பத் திறந்ததும் பெரும்பாலும் அதைக் காட்டும். அதற்குப் பிறகு அடித்தது போனது போனதுதான். அதனால, பத்திக்கு ஒரு கன்ட்ரோல் எஸ்!