கார்டில் 5 லட்சம், கையில் மருந்துச் சீட்டு!
புதிய மருத்துவத் திட்டங்களால் மும்பைத் தமிழர்களுக்கு என்ன பயன்?

மராட்டிய மாநிலத்தில் வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை என்று 2023 ஜூன் மாதம் மந்திரிசபை முடிவு செய்தது. 2024 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டம் என்பது இதன் பெயர். முன்பு மஞ்சள் கார்டு, கேசரி கார்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் கிடைத்தது. ஒன்றரை லட்சம்தான் வரம்பு. இப்போது வெள்ளைக் கார்டுக்காரர்களும் சேர்க்கப்பட்டு விட்டார்கள்.

அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. மாதுங்காவில் காப்பிக் கடையில் பேசினால் ஒரு விதமாக இருக்கிறது. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில் பேசினால் வேறு விதமாக இருக்கிறது. செம்பூரில் பேச்சே கோவண்டி ஆஸ்பத்திரியைப் பற்றித்தான். மூன்று இடத்திலும் தமிழர்கள்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பையில் இருக்கும் சீட்டுகள் வேறு வேறு.

யாருக்கு எந்தச் சீட்டு?

மத்திய அரசு குமாஸ்தாவுக்கு சி.ஜி.எச்.எஸ். இருக்கிறது. இதை எழுதுபவன் போன்ற ரயில்வேக்காரனுக்கு மருத்துவக் கார்டு இருக்கிறது; பைக்குளாவில் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஓய்வு பெற்ற பின்பும் அது தொடரும். ஆகவே எங்களைப் போன்றவர்கள் இந்த விவாதத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள். அதை முதலில் சொல்லி விடுவது நல்லது.

அடுத்தவர் தனியார் கம்பெனி ஊழியர், ஆலைத் தொழிலாளி. இவர்களுக்கு இ.எஸ்.ஐ. 1948-ல் சட்டம் வந்து, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய பழைய திட்டம். 2017 ஜனவரியில் சம்பள வரம்பு 21 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலையில் சந்தா குறைக்கப்பட்டது. தொழிலாளி நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி மூன்றேகால் ரூபாய். இருபதாயிரம் சம்பளக்காரருக்குக் கணக்குப் போட்டால் அவர் கையிலிருந்து போவது மாதம் 150 ரூபாய், முதலாளி கட்டுவது 650 ரூபாய். இதற்கு வெளிநோயாளி சிகிச்சை உண்டு, மருந்து உண்டு, படுத்துக் கொண்டால் சம்பளத்தில் ஒரு பங்கும் உண்டு. இத்தனையும் தரும் திட்டம் நம் நாட்டில் வேறு அதிகம் இல்லை.

ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்தான் அது கட்டாயம். தாராவியில் எத்தனை பட்டறையில் பத்துப் பேர் இருக்கிறார்கள்? தோல் பை தைக்கும் இடத்தில் ஆறு பேர். பேப்பர், பிளாஸ்டிக் பிரிக்கும் இடத்தில் நாலு பேர். இட்லி அவித்து சைக்கிளில் கொண்டு போகிறவர் தாமே முதலாளி, தாமே தொழிலாளி. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், பத்துப் பேருக்குக் குறைவான இடங்களும் விருப்பப்பட்டால் சேரலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். விருப்பம் முதலாளியுடையதாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள சங்கடம்.

ஆக, ரயில்வேயும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை என்று மிச்சம் இருப்பவர்களுக்காகத்தான் இந்த 5 லட்சம் ரூபாய் கார்டு வந்தது. அவர்களுக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதே கேள்வி.

இருமலுக்குக் கார்டு உண்டா?

இந்தக் கார்டுத் திட்டங்களின் வரலாறு நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் வந்தது. மராட்டியத்தில் 2012 ஜூலையில் ராஜீவ் காந்தி ஜீவன்தாயி திட்டம் மும்பை உட்பட எட்டு மாவட்டங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் பரவியது. 2017-ல் புலே பெயர் சூட்டப்பட்டது. 2018 செப்டம்பர் 23-ந் தேதி மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தது. எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்றே. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்கு அரசு பணம் கட்டும்.

இருதய அடைப்புக்கும் புற்றுநோய்க்கும் டயாலிசிசுக்கும் இது தெய்வம் கொடுத்த வரம். அதில் இரண்டு கருத்து இல்லை. நகையை மார்வாடி கடையில் வைத்து, ஊரில் உள்ள கால் ஏக்கரையும் விற்று ஆபரேஷன் செய்து கொண்ட குடும்பங்கள் தாராவியில் சந்துக்கு ஒன்று உண்டு. அவர்களிடம் போய் இந்தத் திட்டம் வீண் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

ஆனால் எல்லாருக்கும் ஆபரேஷனா வருகிறது? தொண்ணூறு அடி ரோட்டு டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, மூணு வாரமா இருமுதேன். இருமலுக்கு எவன்ட்ட போய் இந்தக் கார்டை நீட்டச் சொல்லுதீய?"

அவர் கேட்டது சரியான கேள்வி. காய்ச்சல், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி, சாக்கடை ஓரத்துக் குழந்தையின் வயிற்றுப்போக்கு, இவற்றுக்கெல்லாம் படுக்கை தேவையில்லை. தேவை டாக்டர், பரிசோதனை, மாத்திரை. இந்த மூன்றுக்கும் கார்டில் இடம் இல்லை. மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கைப்படி, 2013-14-ல் மருத்துவச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுத்தது நூற்றுக்கு 64 ரூபாய். 2021-22-ல் அது 39 ரூபாயாகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் அந்த 39 ரூபாயைக் கொடுக்கிறவர் மாதாமாதம் மருந்துக் கடையில் நிற்பவர். அவருக்கு 5 லட்சம் எழுதிய அட்டையால் ஐம்பது ரூபாய் குறையவில்லை.

(அந்தப் பெரியவருக்கும், அவரைப் போல் இருமுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு, மாநகராட்சி மையங்களில் எந்தக் கார்டும் இல்லாமலே இலவசம். சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டு வந்தார்கள். 2024 நவம்பர் முதல் அது ஆயிரம் ஆனது.)

தாராவியின் உண்மையான இன்சூரன்ஸ்

தாராவிக்காரருக்கு உண்மையான இன்சூரன்ஸ் எது என்றால் சயான் ஆஸ்பத்திரிதான். லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை என்ற முழுப் பெயரை போர்டில் மட்டும்தான் பார்க்கலாம். ரயில் விபத்தில் அடிபட்டவரும், பிரசவ வலி கண்டவரும் ராத்திரி இரண்டு மணிக்கு அங்கேதான் போகிறார்கள். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியில் இங்கேதான் தொடங்கப்பட்டது. குறைமாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது தாயின் ரேஷன் கார்டு என்ன நிறம் என்று யாரும் பார்ப்பதில்லை. தாராவிக்குள்ளேயே அதன் கிளையாகச் 'சோட்டா சயான்' இருக்கிறது.

2020 ஏப்ரல் 1-ந் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோது, இந்த இடம் அழிந்து விடும் என்று பயந்தவர்கள் பலர். அந்த ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை உதாரணமாகக் காட்டினார். மாநகராட்சி ஊழியர்களும், உள்ளூரில் கிளினிக் வைத்திருந்த தனியார் டாக்டர்களும் சந்து சந்தாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். பள்ளிக்கூடங்களில் ஆட்களைத் தனியே தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்கள். ஆளைத் தேடிப் போன வைத்தியம் அது.

ஆனால் சயானின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காலையில் கேஸ் பேப்பர் எடுக்க வரிசை. டாக்டரைப் பார்க்க வரிசை. ஸ்கேனுக்குத் தேதி. கடைசியில் சில மருந்துகளை வெளியே வாங்கிக் கொள்ளச் சொல்லிச் சீட்டு. நாள் கூலிக்காரர் ஒருவர் டாக்டரைப் பார்த்து விட்டு வருவதற்குள் ஒரு நாள் சம்பளம் போய் விடும். இலவசம் என்பதற்கு அவர் கொடுக்கும் விலை அது. 2022 நவம்பரில் மாநகராட்சி 'ஆப்லா தவாக்கானா' என்று குடியிருப்புகளின் பக்கத்திலேயே திறந்த சிறு மருந்தகங்கள் இந்தக் குறையைத் தீர்ப்பதற்குத்தான். 147 வகைப் பரிசோதனைகள் இலவசம் என்றார்கள். பல மருந்தகங்கள் மாலையிலும் இயங்கும் என்பதுதான் அதில் முக்கியம். வேலை விட்டு வருகிற மனிதனுக்குப் பகல் ஒரு மணி டாக்டரால் என்ன லாபம்?

மருந்து விஷயத்தில் தமிழ்நாட்டைப் பார்த்துப் பல மாநிலங்கள் கற்றுக் கொண்டன. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மாநிலம் முழுவதற்கும் மருந்தை ஒரே இடத்தில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்து, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்புகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே போகிறது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாத்திரை வாசலுக்கு வருகிறது. தாராவியில் இருக்கும் மகன் அதே மாத்திரையை மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குகிறான்.

அரிசி வந்தது, கார்டு வரவில்லை

நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. மராட்டியத் திட்டத்துக்கு இங்கத்து ரேஷன் கார்டோ, இங்கே குடியிருப்பவர் என்ற டொமிசைல் சான்றிதழோ வேண்டும். தனியாக வந்து நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கும் இளைஞனின் பெயர் ஊரில் அப்பா கார்டில் இருக்கும். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' வந்த பிறகு அந்தக் கார்டுக்கு இங்கே அரிசி வாங்கலாம். ஆனால் அதைக் காட்டி மராட்டிய அரசின் சிகிச்சை கேட்க முடியாது. தமிழ்நாட்டுக் காப்பீட்டுக்கு அவன் இங்கிருந்து ஊருக்கு ரயில் ஏற வேண்டும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஊரில் உள்ள குடும்பம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பட்டியலில் இருந்தால், அந்தக் கார்டு நாடு முழுவதும், அதில் சேர்ந்துள்ள எந்த ஆஸ்பத்திரியிலும் செல்லும் என்பது விதி. பெயர் இருக்கிறதா என்று 14555 எண்ணில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். 70 வயது ஆனவர்களுக்கு வருமானமே பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் திட்டம் 2024 அக்டோபர் 29-ந் தேதி தொடங்கப்பட்டது. அதற்கு ஆதார் போதும். மாதுங்காவில் தனியாக இருக்கும் பென்ஷன்காரர்களுக்கும், தாராவியில் மகனோடு இருக்கும் பாட்டிகளுக்கும் இது பொருந்தும்.

யாரும் கேட்காத படுக்கைகள்

இந்த ஊரில் பெரிய பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் பலவும் தர்ம டிரஸ்டுகளாகப் பதிவு செய்யப்பட்டவை. ஜஸ்லோக், லீலாவதி, ஹிந்துஜா எல்லாம் அப்படித்தான். பம்பாய் ஐகோர்ட்டு 2006-ல் வகுத்த திட்டப்படி, இத்தகைய ஆஸ்பத்திரிகள் நூற்றுக்குப் பத்துப் படுக்கைகளைப் பரம ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்துப் படுக்கைகளை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். இதற்காக வசூலில் நூற்றுக்கு இரண்டு ரூபாயைத் தனி நிதியாக எடுத்து வைக்க வேண்டும். உயர்த்தப்பட்ட வரம்புப்படி, ஆண்டு வருமானம் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்குள் இருந்தால் இலவசம். 3 லட்சத்து 60 ஆயிரத்துக்குள் இருந்தால் சலுகை. மாதம் முப்பதாயிரம் வாங்கும் குமாஸ்தாவும் இதில் வருகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே போகவே நம்மவர்கள் கூசுகிறார்கள். கூச வேண்டியதில்லை. உள்ளே சமூக சேவகர் மேஜை எங்கே என்று கேட்க வேண்டும். தாசில்தார் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் கொண்டு போக வேண்டும். இடம் இல்லை என்றால் எழுதித் தரச் சொல்லி, வொர்லியில் உள்ள தர்ம கமிஷனர் அலுவலகத்துக்கு மனுப் போடலாம். அவசர நோயாளியிடம் முன்பணம் கேட்டு நிறுத்தக் கூடாது என்பதும் அதே திட்டத்தில் இருக்கிறது. 2025-ல் புனேயில் ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்து போய், முன்பணம் கேட்டதுதான் காரணம் என்று குடும்பத்தார் குற்றம் சாட்டியபோது மாநிலமே இதைப் பற்றிப் பேசியது.

கோவண்டியில் என்ன நடக்கிறது?

செம்பூர்க்காரர்களின் கவலை வேறு. 2025-ல் கோவண்டி சதாப்தி ஆஸ்பத்திரியையும், மான்குர்டில் லல்லுபாய் காம்பவுண்டு ஆஸ்பத்திரியையும் தனியார் கூட்டில் நடத்த மாநகராட்சி முனைந்தது. டாக்டர்கள் கிடைக்கவில்லை, கருவிகள் தூங்குகின்றன, தனியார் வந்தால் வேலை நடக்கும் என்பது அதிகாரிகள் வாதம். கார்டு உள்ளவருக்கு இலவசம் என்று சொல்லி, கார்டு இல்லாதவரை வெளியே நிறுத்தி விடுவார்கள் என்பது ஊழியர் சங்கங்களும் குடியிருப்பவர்களும் சொன்ன வாதம். கூட்டம் போட்டார்கள், கோஷம் போட்டார்கள். 2009-ல் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரத்திலேயே கடைசி இடம் பிடித்தது இந்த எம்-கிழக்கு வார்டுதான். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் கை வைப்பானேன் என்ற கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை என்றே எனக்குப் படுகிறது.

இந்த விஷயம் தாராவிக்கும் சம்பந்தம் இல்லாதது அல்ல. தாராவி சீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முந்தைய தரைத்தளக் குடியிருப்புக்குத்தான் அங்கேயே இலவச வீடு. மற்றவர்களை வெளியே அனுப்ப யோசிக்கும் இடங்களில் தேவனாரும் ஒன்று. சயான் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற குடும்பம் தேவனாருக்குப் போனால், பக்கத்து ஆஸ்பத்திரி கோவண்டி சதாப்தி. வீட்டின் சதுர அடி எவ்வளவு என்று சங்கக் கூட்டங்களில் காரசாரமாகக் கேட்கிறார்கள். அங்கே ராத்திரியில் பிரசவம் பார்க்க டாக்டர் இருப்பாரா என்பதையும் அதே கூட்டத்தில், அதே அதிகாரிகளிடம் கேட்கலாம்.