கடல் கடந்தோரின் கல்விப் பணியும் அதன் கூலியும்



அயல்நாட்டுச் சமூகமொன்றின் பிள்ளைகளுக்காக ஊதியம் கருதாமல் உழைப்பவருக்குக் கிடைக்கும் பலன் யாது? இதற்கான விடை திருவான்மியூருக்கு அருகிலேயே உள்ளது. பெசன்ட் நகரிலுள்ள ஆல்காட் நினைவுப் பள்ளியை நம்மில் பலர் அறிவோம். அப்பெயருக்குரியவரின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். இராணுவத்தில் கர்னலாகவும் பின்னர் வழக்கறிஞராகவும் விளங்கிய அவர், 1879இல் இந்தியா வந்தார். அக்காலத்தில் 'பஞ்சமர்' என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பிற பிள்ளைகளுடன் அமர்ந்து பயில முடியாத நிலை நிலவியது. அப்பிள்ளைகளுக்கென 1894இல் அடையாறு பகுதியில் இலவசப் பள்ளியொன்றை அவர் தொடங்கினார். தொடர்ந்து வேறு சில பள்ளிகளும் தோன்றின. சாரா பால்மர் என்னும் அமெரிக்கப் பெண்மணியும் கடல் கடந்து வந்து அப்பள்ளிகளுக்காக உழைத்தார்.

ஆல்காட் நம் மார்க்கத்தைச் சார்ந்தவரல்லர். எனினும் நற்செயல் எவரிடம் காணப்படினும் அதிலிருந்து பாடம் பெறுவது நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் எழுத்தறிந்தோர், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் அதுவே அவர்களின் விடுதலைக்கான ஈடாக ஏற்கப்பட்டது என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பகைவரிடமிருந்தும் பிள்ளைகளுக்குக் கல்வியைப் பெற்றுத் தந்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்.

இனி, பலன்களைச் சிந்திப்போம். முதற்பலன் பிள்ளைக்குரியது. எழுத்தறிந்த பிள்ளை, கடன் பத்திரத்தில் உள்ளது என்னவென்று அறியாமல் கைநாட்டு வைக்க வேண்டியதில்லை. இரண்டாவது பலன் தொண்டருக்குரியது. அயலார் மொழியையும் வறுமையையும் அருகிலிருந்து காண்பவரின் உள்ளத்தில் பெருமை கரைந்து பணிவு பிறக்கிறது. மூன்றாவது பலன் இருவருக்கும் அப்பால் செல்கிறது. ஆல்காட் 1907இல் அடையாற்றில் மறைந்தார். பள்ளியோ நூறாண்டுகளைக் கடந்தும் நிலைத்து நிற்கிறது. பயன் தரும் கல்வியின் நன்மை, கற்பித்தவர் இறந்த பின்னும் நின்றுவிடுவதில்லை என்பது நபிமொழி தரும் நற்செய்தியன்றோ?

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. சில நாட்கள் சென்று, இனிப்பு வழங்கி, புகைப்படம் எடுத்துத் திரும்புவதால் இப்பலன் விளையாது. அங்குள்ள பெரியோரைக் கலந்து அவர்களின் தேவையை அறிய வேண்டும். நாம் புறப்பட்ட பின்னும் பணி தொடர, அம்மண்ணின் மக்களையே ஆசிரியராக்க வேண்டும். பழகிய பிள்ளைகளைத் திடீரெனப் பிரிந்து, ஏங்க விடலாகாது.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் பிழைப்பு நாடிச் செல்லும் நம் இளைஞர்களே! விடுமுறை நாளில் இரண்டு மணி நேரத்தை அங்குள்ள ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். நன்றியையும் புகழையும் எதிர்பாராமல் செய்யுங்கள்.

வல்ல அல்லாஹ் அதற்கான நல்வாய்ப்பை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.