காலி வகுப்பும் நிறைந்த வகுப்பும்

கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும் நாளில், எவரும் வராத வகுப்பறையில் நாம் பேசிப் பார்த்ததுண்டு. தோழியின் பெயரைச் சொல்லி அழைத்தால் அறை முழுவதும் முழங்கும். மணி அடித்து எல்லாரும் அமர்ந்த பின்னரோ அந்த முழக்கத்தைக் காணோம்! அது எங்கே போயிற்று? அதை விழுங்கியவர்கள் நாமே.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் சென்று சுவரிலும் கூரையிலும் தரையிலும் மோதித் திரும்புகிறது. காரைச் சுவரும் சிமெண்டுத் தரையும் ஒலியை மிகச் சிறிதே உறிஞ்சுகின்றன. ஆகவே ஒலி பலமுறை மோதி, சற்று நேரம் நீடிக்கிறது. இதுவே எதிர்முழக்கம். ஒரு சொல்லின் முழக்கம் அடங்குமுன் அடுத்த சொல் வந்தால் இரண்டும் கலந்து விளங்காமல் போகும்.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இந்தத் தொல்லை எழுந்தது. புதிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் முழக்கம் அடங்க ஐந்து நொடிக்கும் மேலாயிற்று. காரணம் காணும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியருக்கு வந்தது. அவர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்தது. மனிதரை அமர்த்தியும் சோதித்தார். ஒருவர் ஏறத்தாழ ஆறு மெத்தைகளுக்குச் சமம் என்று தெரிந்தது! தம் உடை மாறினாலும் கணக்கு மாறுவதைக் கண்டு, சோதனை வேளைகளில் ஒரே உடையை அணியலானார். நம் சீருடைக்கும் இந்தப் பெருமை உண்டு. துணியின் நுண்ணிய இடைவெளிகளில் நுழையும் ஒலி சிறிது வெப்பமாக மாறி மறைகிறது.

அப்படியானால் வகுப்பு நிறைந்தாலே போதுமா? போதாது. முழக்கத்தைக் குறைக்கும் நாமே இரைச்சலையும் உண்டாக்குகிறோம். பெஞ்சை இழுக்கிறோம், கிசுகிசுக்கிறோம். இரைச்சல் மிகுந்தால் பேசுபவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதை லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விளக்கினார். ஒருத்தி கிசுகிசுத்தால் அடுத்தவள் சற்று உரக்கப் பேசுவாள்; ஆசிரியையோ தொண்டை வறளக் கத்த வேண்டியதாகும்.

ஆசிரியையின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருத்தல் நன்று என்பர் செவித்துறை வல்லுநர். காது மந்தமான சிறுமிக்கு இது மிகமிக அவசியம். அவள் கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு, புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருக்கலாம். அவளை முன் பெஞ்சில் அமரச் செய்வோம். முழக்கத்தை அடக்க நாம் எந்த முயற்சியும் செய்ய வேண்டியதில்லை. இரைச்சலை அடக்க மட்டும் நம் மனம் வேண்டும். பாடவேளையில் நாம் காக்கும் அமைதி, அவள் காதுக்குச் செய்யும் உதவியன்றோ!